ஐம்பத்து மூன்று இருக்கைகள்

ஞாயிறு காலை ஆறரைக்குப் பேருந்து.
பட்டியல் என்னிடம்.
மருந்துக்கடைக்காரிக்கு எதற்கு ரக்பிப் பட்டியல் என்று கேட்பவர்
இந்த ஊருக்குப் புதியவர்.
இருமினாலும் இடறினாலும் எல்லோரும் இங்கேதான் வந்தாக வேண்டும்,
வருகிறவர் பெயரை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

அனிசே, இரண்டு இருக்கை.
ஒன்று அவருக்கு,
ஒன்று நீட்டியே வைக்க வேண்டிய அவருடைய முழங்காலுக்கு.
பள்ளிக்கூடச் சமையற்காரி ஓதீல்,
அவள் கூடவே ஒரு பானை வாத்துக்கறி.
ரொட்டிக்கடை ஹிஷாம்
அடுப்பை அணைத்த கையோடு, புருவத்தில் மாவோடு.
பாதிரியார் இல்லை. பூசை இருக்கிறதாம்.
பூசையைச் சுருக்கச் சொல்லி
ஊரே கேட்டுப் பார்த்துவிட்டது.

மோன்ரபேயில் நாம் ஜெயித்துப் பத்தொன்பது வருடம்.
அவர்களுடைய மைதானம் மலைப்பக்கம் சாய்ந்தது.
முதல் பாதியில் நமக்கு மேடு.
பக்கம் மாறினாலும்
நமக்கு மேடுதான்.

கணக்கு இவ்வளவுதான்:
ஜெயித்தால் இந்தப் பிரிவிலேயே நீடிப்போம்.
ஏழு புள்ளிக்குள் தோற்றாலும் நீடிப்போம்.
எட்டு என்றால்
வரும் வருடம் சோளக்கொல்லைக்கு நடுவே கம்பம் நட்ட ஊர்களோடு
சேற்றில் உருள வேண்டியதுதான்.

வியாழனிலிருந்து ஊர் இரண்டாகிவிட்டது.
ஏழுக்குள் தோற்றால் போதும் என்பவர்கள்
மதுக்கடை மேசையில் தீக்குச்சி அடுக்கி
எந்த நிமிடம் பந்தை உதைத்து மூன்று எடுப்பது,
எந்த நிமிடம் கோட்டுக்கு வெளியே அனுப்பி மூச்சு வாங்குவது என்று
சாகாமல் சாவது எப்படி எனப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.
அனிசே என் கண்ணாடி மேசையைக் குத்தினார்.
'தோற்கப் போகிறவனுக்குப் பேருந்து எதற்கு?
இங்கே உட்கார்ந்தே தோற்கலாமே,
டீசலாவது மிஞ்சும்.'
அவருக்கு நூற்றெழுபது. மேல் அளவு.
புள்ளியைச் சொல்லவில்லை, இரத்த அழுத்தத்தைச் சொல்கிறேன்.

நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஏழு என்றிருப்பேன்,
ஜெயிக்கும் கனவோடு தூங்கிக்கொண்டே.

வெள்ளி மாலை, பாதிக் கதவு சாத்தியபின்
கிஸ்லேன் குனிந்து உள்ளே வந்தார்.
காது ஒட்டுப்பட்டை, அகலமானது, இரண்டு சுருள்.
'மோன்ரபேயில் இது கிடைப்பதில்லையாம்.'
அவர் மகன் ரெமி
பதினோரு வருடம் நம் பச்சைச் சட்டைக்குள் வளர்ந்தவன்.
போன கோடையில் அவர்கள் வேலையும் வீடும் தந்தார்கள்.
ஞாயிறன்று ஸ்க்ரம்மில் நடு ஆளாய்
கூட வளர்ந்த பையன்களின் கழுத்தோடு
கழுத்து மோதப் போகிறான்.
அவன் போன நாளிலிருந்து
கிஸ்லேன் வாங்கும் ரொட்டிக்குக்கூட
ஊர் பதில் சொல்வதில்லை.

'இடம் இருக்கிறதா?'

எந்தப் பக்கம் கத்துவீர்கள் என்றுதான் நாக்கின் நுனிவரை வந்தது.
'ஜன்னலோரம் வேண்டுமா?' என்றேன்.
'எங்கேயும் சரி.
திரும்பும்போது யாரும் பேசமாட்டீர்கள், தெரியும்.
போகும்போதாவது பேசுங்கள்.'

சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனார்.
பட்டியலைப் புரட்டினேன்.
ஐம்பத்து மூன்றும் நிரம்பிவிட்டது,
எள் போட இடமில்லை.
பேனாவை எடுத்து, மூடி, மறுபடி திறந்து
'முழங்கால்' என்றிருந்ததை அடித்துவிட்டு
கிஸ்லேன் என்று எழுதினேன்.

இப்போது சனி இரவு, பதினொன்று.
தொண்டை மாத்திரை, கட்டுத்துணி, பனிக்கட்டிப் பை.
அனிசேயின் மாத்திரையை
புதினா மிட்டாய் டப்பாவில் போட்டிருக்கிறேன்.
அப்படிக் கொடுத்தால்தான் விழுங்குவார்.
மலைப்பக்கம் மழை என்கிறது வானொலி.
மழையில் புள்ளி குறையும், ஏழு என்பது பெரிதாகும்
என்று தீக்குச்சிக் கட்சி கொண்டாடிக்கொண்டிருக்கும்.
மைதானத்தில் ஒரே ஒரு விளக்கு இன்னும் எரிகிறது,
யாரோ உதைத்துப் பழகுகிறான்.
தொப், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை,
பந்தைத் தேடிப் போயிருப்பான்.
மறுபடி தொப்.

மூன்று மணி நேரப் பயணம்.
கிஸ்லேன் பக்கத்தில் அனிசே.
காலை ஆறரை வரைக்கும்
அவருடைய முழங்காலுக்கு
இது தெரியாது.